பனிக்கண்டத்தில் வேலை: யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளுக்கு ஒரு வழிகாட்டி

குருநகர்ப் பக்கம் மீன் வைக்கும் குளிர் அறைகளைத் திருத்துவதுதான் இருபது வருடமாக என் தொழில். இப்போது அதையே பிள்ளைகளுக்குப் படிப்பித்துக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொரு வகுப்பிலும் ஒருவராவது கேட்பார்: "சேர், அந்தாட்டிக்காவில எங்கட ஆக்கள் போய் வேலை செய்யேலாதோ?"

ஏலும். என்னிடம் படித்த ஒருவர் அவுஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்து, அந்த நாட்டின் நிலையம் ஒன்றில் டீசல் மெக்கானிக்காக ஒரு முழுக் குளிர்காலம் இருந்துவிட்டு வந்திருக்கிறார். பாதை நீளமானது, ஆனால் இருக்கிறது. எதில் தொடங்குவது, எதை எதற்குப் பிறகு செய்வது என்று அவர் சொன்னதையும் நான் தேடிப் படித்ததையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

முதலில், எந்தத் துருவம்?

துருவம் என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். இரண்டும் ஒன்றல்ல. வடதுருவம் கடல், மேலே பனி மிதக்கிறது. அதைச் சுற்றியுள்ள நிலங்களில்தான் ஆய்வு நிலையங்கள் உள்ளன: நோர்வேயின் ஸ்வல்பார்ட் தீவுகள், கிரீன்லாந்து, கனடாவின் வடக்கு. அங்கெல்லாம் ஊர்கள் உண்டு, கடை உண்டு, குடும்பங்கள் உண்டு.

தென்துருவம் ஒரு பெரிய கண்டத்தின் நடுவில் இருக்கிறது. அந்தாட்டிக்காவுக்கென்று சொந்த மக்கள் யாரும் இல்லை. 1959இல் 12 நாடுகள் கையெழுத்திட்ட ஒப்பந்தம் அந்தக் கண்டத்தை அமைதியான வேலைகளுக்கும் ஆய்வுக்கும் என்று ஒதுக்கி வைத்தது. இலங்கைக்கு அங்கே நிலையம் இல்லை. இந்தியாவுக்கு மைத்திரி, பாரதி என்று இரண்டு இருக்கின்றன.

கண்டத்துக்குள்ளும் இடத்துக்கு இடம் குளிர் மாறும். கரையோர நிலையங்களில் கோடையில் வெப்பநிலை பூச்சியத்தை ஒட்டி நிற்கும். சில நாள் ஐஸ் உருகி நிலம் சேறாகக்கூடக் கிடக்கும். உள்நாட்டுக்குப் போனால் கதை வேறு. தென்துருவத்தில் அமெரிக்கா நடத்தும் அமுண்ட்சன்-ஸ்கொட் நிலையத்தில் 1982 ஜூனில் மைனஸ் 82.8 பாகை பதிவானது. ரஷ்யாவின் வொஸ்டொக் நிலையத்தில் 1983 ஜூலை 21 அன்று மைனஸ் 89.2. தென்துருவ நிலையம் 2,835 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, நம் பீதுருதாலகால மலையின் உச்சியை விடவும் உயரம். அதனால் போய் இறங்கியதும் பலருக்குக் குளிரைவிட மூச்சுத்தான் முதலில் பிரச்சினை.

புதிதாகப் போகிறவர் கரையோர நிலையத்தை அல்லது ஸ்வல்பார்ட்டைக் குறிவைப்பது நல்லது. நடுக்கண்டம் இரண்டாம் தரம் போகிறவர்களுக்கு.

என்ன வேலை இருக்கிறது?

விஞ்ஞானியாக இருந்தால்தான் போகலாம் என்று பல பிள்ளைகள் நினைத்து, தொடங்க முன்னமே விட்டுவிடுகிறார்கள். எனக்கு மிகவும் கவலை தருவது இதுதான். ஜேர்மனியின் நொய்மாயர் நிலையத்தைப் பாருங்கள். குளிர்காலத்தில் அங்கே வழமையாக 9 பேர்தான். அதில் ஒருவர் வைத்தியர், ஒருவர் சமையல்காரர், ஒருவர் மின்வேலைக்காரர், ஒருவர் இயந்திரப் பொறியியலாளர், ஒருவர் கணினியும் ரேடியோவும் பார்ப்பவர். மிச்சம் நான்கு பேர்தான் ஆய்வு செய்கிறவர்கள். பாதிக்கு மேல் நிலையத்தை உயிரோடு வைத்திருக்கும் ஆட்கள்.

உயிரோடு வைத்திருப்பது என்று சும்மா சொல்லவில்லை. ஜெனரேற்றர் நின்றால் சூடு நிற்கும். சூடு நின்றால் சில மணித்தியாலத்தில் குழாய்த் தண்ணீர் உறைந்து குழாய் வெடிக்கும். பிறகு குடிக்கத் தண்ணீர் இல்லை, நெருப்புப் பிடித்தால் அணைக்கவும் தண்ணீர் இல்லை. உலகத்தின் நன்னீரில் பெரும்பங்கு காலுக்குக் கீழே ஐஸாகக் கிடக்கும், ஆனால் டீசல் எரித்து உருக்கினால்தான் அது தண்ணீர்.

நம் ஊர்க்காரருக்கு ஆச்சரியமான ஒன்று: தென்துருவ நிலையத்திலும் கிணற்றுத் தண்ணீர்தான். பனிக்குள் ஆழமாகத் துளை போட்டு, சுடுநீரை இறக்கி, அடியில் ஒரு குளம் போல உருக்கி வைத்து, அதிலிருந்து பம்பில் இறைக்கிறார்கள். எரிபொருள் செலவைக் குறைக்க அங்கே ஒருவருக்குக் கிழமைக்கு இரண்டு குளிப்பு, ஒவ்வொன்றும் இரண்டு நிமிடம். துலாக் கிணற்றில் வாளி வாளியாக அள்ளிக் குளித்து வளர்ந்தவருக்கு அது கஷ்டம்தான். ஆனால் இறைத்த தண்ணீருக்கு ஒரு விலை இருக்கிறது என்பதை யாழ்ப்பாணத்தாருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை.

தொண்ணூறுகளில் இங்கே மின்சாரம் இல்லாமல் வருடக்கணக்காக இருந்தோம். ஜாம் போத்தலுக்குள் பஞ்சை அடைத்து, அது நனையும் அளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய் விட்டு விளக்கெரித்தோம். எங்கள் அப்பா சைக்கிளைத் தலைகீழாக நிறுத்துவார். நான் பெடலைக் கையால் சுற்றுவேன். டைனமோவில் ரேடியோ பாடும். கை களைத்துச் சுற்று குறைந்தால் செய்தி வாசிப்பவரின் குரலும் தேய்ந்து போகும். எரிபொருளை அளந்து பாவிப்பது, உதிரிப்பாகம் கிடைக்காவிட்டால் இருப்பதை வைத்துச் சமாளிப்பது, இரண்டும் துருவ நிலையத்தில் அன்றாட வேலை. நேர்முகத்தில் இந்த மாதிரி அனுபவத்தைக் கூச்சப்படாமல் சொல்லுங்கள். கடையில் வாங்க முடியாத இடத்தில் திருத்தத் தெரிந்தவரைத்தான் அவர்கள் தேடுகிறார்கள்.

தொழில் தெரிவு செய்யும் பிள்ளைகளுக்கு என் ஆலோசனை: ஒன்றை ஆழமாகப் படியுங்கள், பக்கத்தில் இன்னொன்றையும் கையில் வைத்திருங்கள். டீசல் இயந்திரத்தோடு வெல்டிங். மின்வேலையோடு தீயணைப்புப் பயிற்சி. சமையலோடு முதலுதவி. ஆள் குறைந்த இடத்தில் இரட்டை வேலை தெரிந்தவருக்கு எப்போதும் மதிப்பு. கிளிநொச்சியிலுள்ள இலங்கை-ஜேர்மன் பயிற்சி நிலையம், யாழ்ப்பாணத் தொழில்நுட்பக் கல்லூரி போன்ற இடங்களில் கிடைக்கும் தேசியத் தொழில் தகைமைச் சான்றிதழில் தொடங்கலாம். சமையல் படித்தவர்களும் தயங்க வேண்டாம். வெளியே இருட்டு, உள்ளே அதே முகங்கள் என்று நாள் போகும்போது அடுத்த சாப்பாடு என்ன என்பதுதான் பெரிய பேச்சு.

கடவுச்சீட்டு

இங்கேதான் உண்மையைச் சொல்ல வேண்டும். இலங்கைக் கடவுச்சீட்டை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு அந்தாட்டிக்க நிலையத்துக்கு மெக்கானிக்காக நேரே விண்ணப்பிப்பது அனேகமாகச் சரிவராது. ஒவ்வொரு நாடும் தன் நிலையத்துக்கு, தன் நாட்டில் வேலை செய்யும் உரிமை உள்ளவர்களைத்தான் எடுக்கிறது. ஆகவே வழி மூன்று.

புலம்பெயர்ந்த குடும்பங்களின் பிள்ளைகளுக்கு வாசல் ஏற்கெனவே திறந்திருக்கிறது. அவுஸ்திரேலியாவுக்கு கேசி, டேவிஸ், மோசன் என்று மூன்று நிலையங்கள், தலைமையகம் தஸ்மேனியாவில். பிரித்தானியாவின் திட்டத்தை கேம்பிரிட்ஜிலிருந்து நடத்துகிறார்கள், பெரிய நிலையம் ரொதெரா. நோர்வேக்கு ட்ரோல். பிரான்சும் இத்தாலியும் சேர்ந்து கொன்கோர்டியா. கனடாவின் வடக்கே கேம்பிரிட்ஜ் பே என்ற ஊரில் ஆட்டிக் (வடதுருவப் பகுதி) ஆய்வு நிலையம் உண்டு. லண்டனிலும் ஒஸ்லோவிலும் சிட்னியிலும் பிளம்பர், எலக்ட்ரீசியன், சமையல்காரராக இருக்கும் நம் பிள்ளைகள் எத்தனை பேர்! அவர்களில் ஒருவருக்கு இந்தக் கட்டுரையை அனுப்பிவிடுங்கள். வடநோர்வேயின் பின்மார்க்கில் மீன் தொழிற்சாலைகளில் நின்று வேலை செய்த தலைமுறை நம்முடையது. ஆட்டிக் வட்டத்துக்கு மேலே தமிழ்க் குடும்பங்கள் வாழ்ந்து காட்டிவிட்டன.

இரண்டாவது, படிப்பு. இலங்கையிலிருந்தே போக விரும்புகிறவருக்கு இதுதான் கூடுதல் நம்பிக்கையான வழி. நோர்வேயிலும் ஜேர்மனியிலும் கலாநிதிப் பட்ட ஆய்வு பெரும்பாலும் சம்பளத்தோடு வரும் வேலை. இயற்பியல், இரசாயனம், கணினி, புவியியல், கடற்றொழில் விஞ்ஞானம் என்று யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் படிக்கும் எந்தப் பிள்ளையும் இதற்கு ஆயத்தமாகலாம். பட்டப்படிப்பின்போதே தொடங்கவும் இடமிருக்கிறது: ஆய்வு முடிவுகளை எல்லாரும் பயன்படுத்தும்படி திறந்து கொடுக்க வேண்டும் என்று அந்தாட்டிக்க ஒப்பந்தமே சொல்கிறது. 1985இல் ஓசோன் துளையை உலகுக்குச் சொன்ன பிரித்தானியாவின் ஹாலி நிலையத்துத் தரவுகளை யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் இருந்தபடியே இறக்கி ஒரு செயற்றிட்டம் செய்யலாம். இளம் துருவ ஆய்வாளர்களுக்கென்று 'ஏபெக்ஸ்' என்ற சர்வதேசச் சங்கம் இருக்கிறது. அங்கத்துவத்துக்குக் காசு இல்லை. இணையவழி வகுப்புகள் நடத்துகிறார்கள், வாய்ப்புகளை அறிவிக்கிறார்கள். இன்றைக்கே சேருங்கள்.

மூன்றாவது, ஸ்வல்பார்ட். அங்கே தங்க எந்த நாட்டவருக்கும் விசா தேவையில்லை. லோங்யியர்பியன் என்ற ஊரில் சுமார் 2,500 பேர். நோர்வேக்காரருக்கு அடுத்தபடியாகத் தாய்லாந்துக்காரரும் பிலிப்பீன்ஸ்காரரும் நிறைய. ஆனால் விமானம் நோர்வே வழியாகத்தான் போகிறது. நோர்வே உட்பட ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவின் எல்லைக்கு வெளியே இருக்கிறது ஸ்வல்பார்ட். அதனால் இரண்டு தடவை நுழையக்கூடிய ஷெங்கன் விசா வேண்டும். ஒரு தடவை விசாவோடு போனால் திரும்பும்போது மாட்டுப்படுவீர்கள். வேலையும் இருப்பிடமும் முன்கூட்டியே உறுதியாகாமல் போகவே கூடாது. வாடகை வீடு கிடைப்பது மிக அரிது. தன் செலவைத் தானே பார்க்க முடியாதவரை அங்குள்ள ஆளுநர் திருப்பி அனுப்பலாம்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். அந்தாட்டிக்காவில் வேலை எடுத்துத் தருகிறேன், இவ்வளவு இலட்சம் கட்டுங்கள் என்று யாராவது வந்தால் எழும்பி வந்துவிடுங்கள். எந்த நாட்டின் துருவத் திட்டமும் வேலைக்கு ஆள் எடுக்கக் காசு வாங்குவதில்லை. விளம்பரம் அவர்களுடைய சொந்த இணையத்தளத்தில் வரும், விண்ணப்பம் நேரே போகும். காணியை ஈடு வைத்து ஏஜென்சிக்குக் கட்டி ஏமாந்தவர்களின் கதை நம் ஒவ்வொரு தெருவிலும் இருக்கிறது. அந்த வரிசையில் புதிதாக ஒருவர் வேண்டாம்.

இங்கிருந்தே செய்யும் பயிற்சி

இருபத்தெட்டுப் பாகையில் வாழ்கிற நமக்கு மார்கழிப் பனியே குளிர். மைனஸ் 20ஐ எங்கே போய்ப் பழகுவது? மீன் குளிர் அறைக்கு வாருங்கள். உறைமீன் வைக்கும் அறை மைனஸ் 18இல் ஓடும். உரிமையாளரிடம் அனுமதி கேட்டு, வெளியே ஒருவரைக் கதவடியில் நிறுத்திவிட்டு, பத்து நிமிடம் உள்ளே நில்லுங்கள். தனியே ஒருபோதும் போக வேண்டாம்.

நான் பிள்ளைகளுக்கு வைக்கும் சோதனை இது. ஒரு பலகையில் எட்டு மில்லிமீற்றர் போல்ற் ஆறு. வெளியே வெறுங்கையால் ஆறு நட்டையும் பூட்டச் சொல்லி நேரம் எடுப்பேன். பிறகு அதே பலகையோடு குளிர் அறைக்குள், மெல்லிய கையுறைக்கு மேலே தடித்த கையுறை போட்டபடி. முதல் நட்டு பூட்டுப்படும். இரண்டாவது விரலிடுக்கால் நழுவி விழும். குனிந்து தேடும்போது மூச்சு ஆவியாகி முகக்கண்ணாடி மறைக்கும். மூன்றாவதில் பொறுமை போய் வெளிக் கையுறையைக் கழற்றுவார்கள், அப்போதே நான் நிறுத்திவிடுவேன். உண்மையான நிலையத்தில் விரல் போவது அந்த இடத்தில்தான். ஐந்தாறு தரம் செய்தால் கை பழகிவிடும்: எந்தக் கருவியை எந்த ஒழுங்கில் எடுப்பது, நட்டைக் காந்தத்தில் ஒட்டி வைப்பது, அவசரப்படாமல் இருப்பது. வேகம் முக்கியமல்ல. கையுறை கழறாமல் ஆறையும் முடித்தவர்தான் என் கணக்கில் தேறியவர்.

ஈரக் கையோடு இரும்பைத் தொட வேண்டாம் என்பது அங்கே எல்லாருக்கும் தெரியும். தெரியாமல் போவது எரிபொருள். டீசல் மைனஸ் 30இலும் திரவமாகவே இருக்கும்படி தயாரித்து அனுப்புகிறார்கள். வெளியில் நின்ற தாங்கியிலிருந்து ஊற்றும்போது தோலில் பட்டால் அந்த இடத்திலேயே பனிக்கடி, அதாவது தோல் உறைந்துவிடும். என் மாணவர் தொலைபேசியில் சொன்னது: "சேர், நெருப்புச் சுட்ட மாதிரித்தான் இருக்கு. ஒரு சொட்டுப் போதும்."

கூடவே இங்கே முடிக்க வேண்டியவை: செஞ்சிலுவைச் சங்கத்தின் முதலுதவிப் பயிற்சி, கனரக வாகன அனுமதிப்பத்திரம், நல்ல ஆங்கிலம். நோர்வே நோக்கமென்றால் நோர்வே மொழியும். செய்த ஒவ்வொரு வேலைக்கும் படமும் திகதியும் வேலை தந்தவரின் கடிதமும் சேர்த்து ஒரு கோப்பு வைத்திருங்கள். தெற்கில் கோடை நவம்பரிலிருந்து பெப்ரவரி வரை. ஆள் எடுப்பதோ பல மாதம் முந்தியே தொடங்கிவிடும். அதனால் வருடம் முழுவதும் இணையத்தளத்தைப் பார்த்துக்கொண்டிருங்கள்.

மருத்துவப் பரிசோதனை

கடுமையாக இருக்கும், ஏனென்றால் குளிர்காலத்தில் வைத்தியசாலைக்கு அனுப்ப வழியில்லை. 1961 ஏப்ரலில் சோவியத் நிலையமொன்றில் ஒரேயொரு வைத்தியராக இருந்த லியோனித் ரோகசோவுக்குக் குடல்வால் அழற்சி வந்தது. தன் வயிற்றைத் தானே கீறிச் சத்திரசிகிச்சை செய்து பிழைத்தார். அவுஸ்திரேலிய நிலையங்களில் குளிர்காலம் தங்கும் வைத்தியர்கள் இன்றும் குடல்வாலை முன்பே எடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். மற்றவர்களுக்கு அனேகமாகப் பல்லில்தான் தடை வரும். சூத்தைப் பல்லை இப்போதே அடையுங்கள், வளைந்து முளைக்கும் ஞானப்பல்லைக் காட்டுங்கள். மனநிலை பற்றிய நேர்முகமும் உண்டு. அதில் வீரம் காட்ட வேண்டாம். கோபம் வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டால், உண்மையில் செய்வதைச் சொல்லுங்கள்.

பொதி கட்டும்போது

குளிர் உடுப்பை நிலையத்தாரே தருவார்கள், வாங்கிக் காசைக் கரைக்க வேண்டாம். உள்ளுடுப்பு மட்டும் உங்கள் பொறுப்பாக இருந்தால் பருத்தியை விடுங்கள். வியர்வையைக் குடித்துக்கொண்டு ஈரமாகவே நின்று உடம்புச் சூட்டை இழுத்துவிடும். கம்பளி நூலில் வாங்குங்கள். அங்கே வியர்ப்பது குளிர்வதைவிட ஆபத்து. வேலை தொடங்க முன் ஒரு அடுக்கைக் கழற்றுவது நல்ல பழக்கம்.

விதை விஷயத்தில் மிகக் கவனம். 1991இல் மட்ரிட்டில் கையெழுத்தான சூழல் உடன்படிக்கைக்குப் பிறகு வெளி உயிரினம் எதையும் கொண்டுபோகக் கூடாது. பனிச்சறுக்கு வண்டி இழுத்த நாய்களைக்கூட 1994இல் வெளியேற்றிவிட்டார்கள். உங்கள் சப்பாத்தின் அடிமண், பையின் மூலையில் கிடக்கும் புல்விதை, வெல்குரோவில் ஒட்டிய நாயுருவி முள், எல்லாவற்றையும் ஊசியால் கிண்டி எடுத்துத் துப்புரவாக்குங்கள். அம்மா வறுத்து இடித்துத் தரும் கறித்தூளைக் கொண்டுபோக ஆசையிருக்கும். முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். முழுக் கடுகு, மல்லி, வெந்தயம் முளைக்கக்கூடியவை. அவற்றை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

கறுப்புக் கண்ணாடி, உதட்டுக்கும் முகத்துக்கும் வெயில் கிரீம், விரல்வெடிப்புக்குத் தடவ ஏதாவது. காற்று பாலைவனத்தைப் போல வரண்டது. மூக்கில் இரத்தம் வரும், விரல்நுனி பிளக்கும். கமெராவை வெளியிலிருந்து கொண்டுவரும்போது பிளாஸ்டிக் பையில் போட்டு இறுக்கிக் கட்டிவிட்டு உள்ளே எடுங்கள், இல்லாவிட்டால் உள்ளே நீர் படியும். கைத்தொலைபேசியை உள்சட்டைப் பையில் உடம்போடு வையுங்கள்.

முதல் கிழமை

மற்றவரின் முகத்தைப் பார்க்கப் பழகுங்கள். கன்னத்திலோ மூக்கு நுனியிலோ மெழுகு போல வெள்ளைப் புள்ளி தெரிந்தால் அது பனிக்கடியின் தொடக்கம், பட்டவருக்கு உணர்வே இருக்காது. சொல்லிவிடுங்கள். தேய்க்கக் கூடாது, வெறும் உள்ளங்கையை மெல்ல ஒற்றிப் பிடித்தால் போதும்.

வெளியே போகும்போது பெயரைப் பதிந்துவிட்டுப் போங்கள், திரும்பியதும் வந்துவிட்டேன் என்று பதியுங்கள். நெருப்புப் பயிற்சியை யாரும் விளையாட்டாக எடுப்பதில்லை. 2012 பெப்ரவரியில் பிரேசிலின் நிலையம் எரிந்து இரண்டு பேர் இறந்தார்கள். குப்பையை வகை பிரித்துப் போடுங்கள், அவ்வளவும் கப்பலில் திரும்பிப் போகும். பனியை அள்ளுவது உங்கள் பதவியில் எழுதியிருக்காது, ஆனால் எல்லாரும் அள்ளுவார்கள். உருகாமல் வருடா வருடம் சேர்வதால் கட்டடங்களையே விழுங்கிவிடும். இந்தியாவின் முதல் நிலையமான தட்சிண கங்கோத்ரி அப்படித்தான் புதைந்தது. நொய்மாயர் இப்போது கால்களை நீட்டி எழும்பி நிற்கிறது. ஹாலியின் கால்களில் சறுக்குத் தட்டு பூட்டியிருக்கிறது. பனித்தட்டில் வெடிப்பு வந்தபோது முழு நிலையத்தையும் 23 கிலோமீற்றர் இழுத்துப்போய் வைத்தார்கள்.

கையெழுத்திட முன் வீட்டில் பேச வேண்டியது

கோடைக்கு மட்டும் போனால் மூன்று நான்கு மாதம். குளிர்காலத்துக்கும் ஒப்புக்கொண்டால் வருடம் ஓடிவிடும். தென்துருவத்துக்கு பெப்ரவரி நடுப்பகுதியிலிருந்து ஒக்ரோபர் கடைசி வரை வழமையான விமானம் இல்லை. சூரியன் மார்ச்சில் மறைந்து செப்டம்பரில்தான் வரும். நித்திரை குழம்பும், பேச வந்த சொல் மறக்கும், சின்னச் சத்தத்துக்கும் எரிச்சல் வரும். எல்லாருக்கும் வருவது. அட்டவணை போட்டுச் சாப்பிடுங்கள், உடற்பயிற்சி செய்யுங்கள், ஏதாவது படியுங்கள்.

இதையெல்லாம்விட வீட்டாருக்கு முன்பே விளங்கப்படுத்த வேண்டியது ஒன்று உண்டு. செத்தவீடு என்றாலும் வர முடியாது. நம் ஊரில் அது சின்ன விஷயமல்ல. கொள்ளி வைக்க வேண்டிய மகனாக இருந்தால், யார் வைப்பது என்று அப்பாவும் அம்மாவும் இருக்கும்போதே உட்கார்ந்து பேசுங்கள். அம்மா அழுவா. அழட்டும், ஆனால் பேசி முடித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். அவசரத்துக்கு நிலையத்தின் எந்த இலக்கத்துக்கு அழைப்பது, யார் அழைப்பது, நேர வித்தியாசம் எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதிச் சுவாமி அறையில் ஒட்டிவிடுங்கள்.

என் மாணவரின் அம்மம்மா ஜூன் மாதம் கோண்டாவிலில் காலமானா. தம்பி ஒருவர் தொலைபேசியைத் தூக்கிப் பிடிக்க, படம் விட்டு விட்டு வந்தது. அவர் ஜெனரேற்றர் அறைக்குப் பக்கத்தில் நின்று பார்த்தாராம், அங்கேதான் சூடு. பாதியில் இணைப்பு அறுந்தது. அன்றைக்கு அவருடைய இரவுக் காவலை யாரும் கேளாமலே இன்னொருவர் எடுத்துக்கொண்டார். நவம்பரில் ஊருக்கு வந்தபோது அந்தியேட்டியும் முடிந்து மாதங்கள் ஆகியிருந்தன; நேரே கீரிமலைக்குப் போய்த் தலை முழுகிவிட்டுத்தான் வீட்டுக்குள் வந்தார்.